சுவர்ப் பக்கம் நிரம்பாத பலாப்பழம்

பலாப்பழத்தை விரலால் தட்டிப் பார்த்து, இதை இன்றைக்கு வெட்டலாம், இதை நாளை மறுநாள் வெட்டலாம் என்று தவறாமல் சொல்லக்கூடிய ஆள் என் காலத்தில் திருச்சி மார்க்கெட்டில் ஒருவன்தான். அந்த ஒருவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பொய் எதற்கு, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கூடை சுமக்க வந்த மார்க்கெட்டிலேயே முப்பது வயதில் சொந்தப் பழமண்டி வைத்தேன். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதையும் நானேதான் எழுதுகிறேன். ஒற்று விட்டுப் போயிருந்தால் அச்சுக்கோக்கிறவர் போட்டுக்கொள்ளட்டும்.

இவ்வளவு தெரிந்த எனக்கு ஒன்று தெரியாமல் இருந்தது. மண்டியில் வந்து இறங்கிய பிறகுதான் எனக்குப் பழம் பழக்கம். அதற்கு முன்னால் மரத்தில் அது என்னவாக இருந்தது, எப்படிக் காயாயிற்று என்று நான் நின்று பார்த்ததே இல்லை. பார்க்கவில்லை என்பது எனக்கு உறைக்கவும் இல்லை. அதனால்தான் என் வீட்டுக்காரி போனாள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைக்குப் போகிற பாதையில் இருந்தது. ஓட்டு வீடு. பின்னால் கொஞ்சம் கொல்லை, அதைச் சுற்றி நான் கட்டிய செங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பெருமாளுக்குப் பூப்பறிக்கும் நந்தவனம். அவள் தொட்டியத்துக்காரி, வாழை போடுகிறவர்கள் வீட்டுப் பெண். கல்யாணமான முதல் வைகாசியில், மண்டிக்கு வந்த கொல்லிமலைப் பலாவில் நல்லதாக ஒன்று பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை வறுப்பாள் என்று பார்த்தேன். அவள் ஏழு கொட்டையைத் தனியே எடுத்து, மேலே வழுவழுவென்று ஒட்டியிருக்கும் சவ்வைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

“காயப் போடலையா?” என்று கேட்டேன்.

“காய வச்சா உசிரு போயிடும். ஈரத்தோடவே ஊனணும்.”

“கொட்டைக்கு ஏது உசிரு?”

“அப்ப முளைக்கிறது எதுங்க?”

மண்டி மூலையில் வருஷக்கணக்காகக் கிடக்கும் புளியங்கொட்டை ஒரு மழைக்கு முளைத்துவிடுவதைப் பார்த்தவன் நான். அதனால் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னதுதான் சரி. புளியங்கொட்டை தூங்கும், பலாக்கொட்டை தூங்காது. ஒரு மாதம் காய்ந்தால் செத்துவிடும். இதெல்லாம் பிற்பாடு நானாகத் தெரிந்துகொண்டது.

மூன்று முளைத்தன. இரண்டை ஆடு தின்றது. ஒன்று சுவரோரமாக நின்றுகொண்டது. “இந்த மண்ணுக்குப் பலா வராது, வாழை வையும்” என்று நந்தவனத்து ஐயங்கார் சுவருக்கு மேலாகச் சொன்னார். அவர் மேலாடை இல்லாமல், பூக்குடலையும் கையுமாக, காலையில் எப்போதும் அங்கே நிற்பார். “வரும் சாமி, என் வீட்டு மரம்” என்றேன். வந்தது. எட்டு வருஷத்தில் ஓட்டுக்கு மேலே போய்விட்டது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் இருந்த நல்ல பழக்கங்களில் அதுவும் ஒன்று.

எட்டாவது வருஷம் மார்கழியில், கிளை நுனிகளில் விரல் நீளத்தில் பச்சையாகத் துருத்திக்கொண்டு வந்தன. மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டேன், என் வீட்டுப் பலா பிஞ்சு விட்டிருக்கிறது என்று. தை பிறந்ததும் அவை ஒவ்வொன்றாகக் கறுத்தன. பூஞ்சை பூத்து உதிர்ந்தன. ஓட்டின் மேல் டப் டப்பென்று விழும். அடுத்த வருஷமும் அதே கதை. மார்க்கெட்டில் பார்க்கிறவனெல்லாம், “என்னண்ணே, பலா என்ன ஆச்சு?” என்று கேட்க ஆரம்பித்தான். கண்ணேறு என்றேன். மண்ணில் சூடு என்றேன்.

அவள் ஒரு நாள் காலையில் உதிர்ந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். “இது பிஞ்சு இல்லைங்க, பூவு.”

“பலாவுக்கு ஏது பூ?”

“தொட்டா மஞ்சளா ஒட்டுது பாருங்க. லேசா தேன் வாசம் வேற அடிக்குது. பிஞ்சுன்னா கையில மாவு ஒட்டுமா?”

அவள் விரல் நுனியில் மஞ்சள் தூள் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, “பழத்தப் பத்தி எனக்கே சொல்லித்தர்றியா? வருஷத்துக்கு எத்தனை வண்டி பலா என் கையால இறங்குது, தெரியுமா?” என்றேன். அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மரத்தை மிரட்டுவது. ஒருவர் கோடாலியோடு வந்து, “காய்க்காத மரம் எதுக்கு? வெட்டப் போறேன்” என்பார். இன்னொருவர் குறுக்கே நின்று, “வெட்டாதீங்க, வர்ற வருஷம் காய்க்கும்” என்று மரத்துக்காகக் கெஞ்சுவார். மூன்று முறை கேட்டு மூன்று முறை சொல்ல வேண்டும். பிறகு பட்டையில் லேசாக ஒரு கொத்து கொத்திவிட்டுக் கோடாலியைக் கீழே வைத்துவிடுவது. பெரும்பாலும் புருஷன் மிரட்டுவான், பெண்சாதி கெஞ்சுவாள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆள் செய்ய முடியாது. அது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

தை அமாவாசைக்கு மறுநாள் காலையில் வைத்துக்கொண்டோம். சும்மா செய்தால் போதாதா? மண்டி ஆட்கள் நாலு பேரையும் கூப்பிட்டிருந்தேன். என் வீட்டு மரம் நான் மிரட்டினால் கேட்கும் என்று அவர்கள் பார்க்க வேண்டும். அவர்கள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். நந்தவனச் சுவருக்கு மேலாக ஐயங்காரும் எட்டிப் பார்த்தார். அவள் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அடிமரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

நான் கோடாலியை ஓங்கினேன். “காய்க்காத மரம் எதுக்கு? வெட்டப் போறேன்.”

“வெட்டாதீங்க, வர்ற வருஷம் காய்க்கும்.”

இரண்டாம் முறை குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்திச் சொன்னாள். ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன், “அண்ணே, மரம் நடுங்குது பாருங்க” என்றான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்றாம் முறை சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டாததையும் சேர்த்தேன்.

“வெட்டத்தான் போறேன். இந்த வீட்டுல வந்ததுல எதுதான் காய்ச்சிருக்கு?”

ஆட்கள் சிரித்தார்கள் என்றுதான் ஞாபகம். சிரித்து, உடனே நிறுத்திவிட்டார்கள்.

அவள் மரத்தில் வைத்த கையை எடுத்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். பால் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். மூன்றாவது பதில் வராமல் கோடாலியை இறக்கக் கூடாது. நான் ஓங்கிய கையோடு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாலு ஆட்களும் தரையைப் பார்த்தார்கள். ஐயங்கார் பூக்குடலையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். கடைசியில் கோடாலியைக் கீழேயும் வைக்காமல், மரத்தை வெட்டவும் செய்யாமல், கொல்லைத் தாழ்வாரத்து ஆணியில் மாட்டிவிட்டு மண்டிக்குப் போனேன். அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. மத்தியானம் சாப்பிட வந்தபோது சோறு வடித்து மூடி வைத்திருந்தது. அவள் இல்லை. தொட்டியம் பஸ் ஏறிவிட்டாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

நான் போய்க் கூப்பிடவில்லை. கோபம் தணிந்தால் வரட்டும் என்றேன். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று போயிற்று. என் மாதிரி ஆள் போய் வாசலில் நின்றால் என்ன பேச்சு வரும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் நான் போகாமலிருப்பதே ஒரு வழக்கமாகிவிட்டது. ஓட்டலில் சாப்பிட்டேன். வீட்டில் தண்ணீர்ப்பானை ஒன்றே எனக்கு மூன்று நாளைக்கு வந்தது.

மார்க்கெட்டில் நூறு பேரோடு கத்திவிட்டு வருவேன். வீட்டுக் கதவைத் திறந்தால் என் செருப்புச் சத்தம்தான். பேச ஆளில்லாதவனுக்குப் பார்க்கிற வேலை வந்துவிடுகிறது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை கொல்லையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அந்தப் பலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கத்தியை எடுத்தேன். கண்ணில் பட்ட பூ, பிஞ்சு, காய், கொட்டை எல்லாவற்றையும் அறுத்துப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது.

மாம்பூங்கொத்தை உதிர்த்துப் பார்த்தேன். அத்தனை பூவில் நடுவே பச்சைக் குண்டு இருப்பது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வெறும் தூள் சுமக்கிற பூ. அந்தக் கொஞ்சத்திலும் காயாக நிற்பது ஒன்றோ இரண்டோ. திருவானைக்காவல் பக்கம் பொறுக்கி வந்த நாவல் கொட்டையை ஊன்றினால், ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்று வந்தது. ரோட்டோரச் சரக்கொன்றையின் நீளக் காயை உடைத்தால் உள்ளே குறுக்குச் சுவர்கள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு தனி அறை. பக்கத்து அறையில் யார் என்று அதற்குத் தெரியாது. அந்தக் காயை நான் இரண்டாம் முறை உடைக்கவில்லை.

பலாவின் கதை புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அடுத்த மார்கழியிலும் நுனிக்கிளையில் விரல்கள் வந்தன. ஒவ்வொன்றாகக் கவனித்தேன். முதலில் கூரான ஓர் உறை. அது விரிந்து விழுந்ததும் உள்ளே வழவழப்பான விரல். சில நாளில் அதன்மேல் மஞ்சள் மாவு. சின்னச் சின்ன ஈக்கள் மொய்க்கும். மாவு தீர்ந்ததும் வேலை முடிந்தது, கறுத்து விழுந்துவிடும். அது விழுவதற்கென்றே வந்தது. பிஞ்சு கருகியதல்ல, ஆண் பூ. பலா வயசுக்கு வரும்போது முதல் இரண்டு மூன்று வருஷம் வெறும் ஆண் பூவாகவே பூக்கும். மரத்தில் ஒரு குறையும் இல்லை. நாளாகவில்லை, அவ்வளவுதான். அவள் விரலில் மஞ்சளைக் காட்டிச் சொன்னது இதைத்தான்.

அன்றைக்குப் பேச ஆளில்லாமல் சுவரருகே போய், “சாமி, பலாவுல ஆண் பூ தனி, பெண் பூ தனி, தெரியுமா? நானே கண்டுபிடிச்சேன்” என்றேன்.

ஐயங்கார் துளசி கிள்ளிக்கொண்டிருந்தார். “நீரா கண்டுபிடிச்சீர்? உம்ம ஆத்துக்காரி இதை என்கிட்ட அப்பவே சொல்லியாச்சு ஓய்.”

“எப்ப?”

“அதுக்கு முதல் வருஷமே. ‘அவர்கிட்ட சொன்னா கேக்க மாட்டார் சாமி, நீங்க சொல்லுங்க’ன்னா. நான்தான் சொல்லல. நீர் யார் சொன்னாத்தான் கேப்பீர்?”

அதற்கு அடுத்த பருவத்தில் பெண் பூ வந்தது. நுனிக்கிளையில் இல்லை, அடிமரத்தில். காம்பு என் சுண்டுவிரல் கனம். அடியில் பச்சையாக ஒரு வளையம். மேலெல்லாம் சொரசொரப்பு. ஆறு வந்து நாலு கருகிவிட்டன. மீதி இரண்டில் ஒன்றை அணில் கெடுத்தது. ஒன்று நின்றது. சுவரை ஒட்டிய பக்கத்தில், அவள் கை வைத்திருந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே. மாசியில் எலுமிச்சையளவு, பங்குனியில் தேங்காயளவு. மண்டியை விட்டு நேரத்தோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். சாக்குப் போட்டு மூடினேன். காயைப் பார்த்து நாலு வார்த்தை பேசினேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அது கோணலாக வளர்ந்தது. வெயில் பக்கம் உருண்டு திரண்டது. சுவர்ப் பக்கம் உள்ளே ஒடுங்கிவிட்டது. இந்த மாதிரிக் கோணப்பழம் வந்தால் நோய் விழுந்தது என்று நான் மண்டியில் தனியே தள்ளிவிடுவேன். இத்தனை வருஷம் தள்ளியவன், இப்போதுதான் ஏன் என்று பார்த்தேன். பலாப்பழம் என்பது ஒரு பூவின் பழம் அல்ல. ஒரு தண்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பழுப்பது. மேலே இருக்கிற ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு பூவின் தலை. மஞ்சள் மாவு எந்தப் பூவுக்கு வந்து சேர்ந்ததோ அதுதான் கொட்டை பிடித்துச் சுளையாகும். வந்து சேராத பூ சுளைக்கு நடுவே நாராக, சடையாக நின்றுவிடும். சுவர்ப் பக்கத்துப் பூக்களுக்கு மாவு போய்ச் சேரவில்லை. சுவர் கட்டியது நான்.

ஆனியில் அதைத் தட்டிப் பார்த்தேன். நாளை மறுநாள் என்றது. அறுத்து, சாக்கில் கட்டி, தொட்டியத்துக்குக் கிளம்பினேன். அவள் போய் இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. உலகச் சண்டைக்காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்து, “என்ன பெரியவரே, கூனல் விழுந்த பழமா இருக்கு. யார் தலையில கட்டப் போறீங்க?” என்றான். வேறு நாளாக இருந்தால் நான் யார் என்று அவனுக்குச் சொல்லியிருப்பேன்.

மைத்துனர் வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்து வாழைச்சருகிலிருந்து நார் கிழித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். மைத்துனர், “வாங்க மச்சான், வழி தெரிஞ்சுதா?” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

நான் சாக்கை இறக்கினேன். வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தையைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. ஆண் பூ, பெண் பூ, முள் ஒவ்வொன்றும் ஒரு பூ, சடை என்பது கொட்டை பிடிக்காத பூ என்று மார்க்கெட்டில் ஏலம் கூவுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். அவள் தடுக்கவில்லை. முடிந்ததும், “நான் அன்னிக்கே சொன்னேன்” என்றாள்.

“ஆமா. நீ சொன்னே.”

அதைச் சொல்லத்தான் இரண்டரை வருஷம் ஆகியிருக்கிறது. ஆனால் நான் தயார் செய்த வார்த்தை அதுவும் அல்ல.

அவள் அரிவாள்மனையைக் கொண்டுவந்தாள். கைக்கும் மனைக்கும் எண்ணெய் தடவிப் பழத்தை நீளவாட்டில் பிளந்தாள். ஒரு பக்கம் மஞ்சள் சுளை நெருக்கமாக இருந்தது. இன்னொரு பக்கம் வெறும் சடை. அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தாள். ஒரு சுளையைக் கொட்டை நீக்கி எனக்குக் கொடுத்தாள். நல்ல இனிப்பு. அந்தப் பழத்தை நான் மண்டியில் தள்ளியிருப்பேன்.

“காய்ச்சிருச்சு. வீட்டுக்கு வா” என்றேன்.

அவள் எதிரே இருந்த வாழைத்தோட்டத்தைக் காட்டினாள். “அதப் பாருங்க. கொட்டையே இல்லாம காய்க்குது. தூளும் வேணாம், ஈயும் வேணாம். இங்க யாரும் அதப் போயி எதையும் கேக்கறதில்ல.” பிறகு கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே கேட்டாள். “கோடாலி எங்க?”

“ஆணியிலதான் தொங்குது. அன்னிக்கு மாட்டுனது. கீழ வைக்கல.”

“மூணாவது தடவ நான் சொல்லாம வந்துட்டேன்ல.”

“இப்ப சொல்லு. முடிச்சுரலாம்.”

அவள் யோசித்தாள். கோபமாக இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போல இருந்தது முகம். “நான் சொல்லிட்டா நீங்க கீழ வச்சிருவீங்க. வச்சிட்டு எல்லாம் சரியாப் போச்சுன்னு மார்க்கெட்டுல போயி சொல்லுவீங்க. வேணாம். அது அங்கயே தொங்கட்டும். பழம் குடுத்தீங்க, தின்னேன். போயிட்டு வாங்க.”

அப்போது நான் சொல்லியிருக்கலாம். நான் பேசியது தப்பு என்று, தயார் செய்து வந்த அந்த ஒரு வார்த்தை. ஆயிரம் பேரை வாயால் வென்றவன். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

அதன் பிறகு ஏழெட்டு வருஷம், பருவத்தின் முதல் பழத்தைத் தொட்டியத்துக்குக் கொண்டுபோனேன். அவள் வாங்கிக்கொள்வாள். எனக்கு ஒரு சுளை கொடுப்பாள். கொட்டையைக் கழுவி ஈரத்துணியில் கட்டித் தருவாள். அந்த மூன்றாவது பதிலின் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. நான் அந்த ஒரு வார்த்தையையும் எடுக்கவில்லை. ஒரு சித்திரையில் காய்ச்சலில் போய்விட்டாள். சேதி கிடைத்துப் போனபோது காரியம் முடிந்திருந்தது. அந்த வருஷத்துக் காய் மரத்தில் தேங்காயளவில் இருந்தது.

அவள் கொடுத்த கொட்டையில் வந்த பலாக்கள் இப்போது கொல்லை முழுக்க நிற்கின்றன. இந்த மண்ணுக்குப் பலா வராது என்றவர்கள் வந்து பார்க்கட்டும். மரத்துக்கு முப்பது காய் பிடிக்கிறது. பழம் எப்படி உண்டாகிறது என்று என்னிடம் கேட்டால் காலேஜ் வாத்தியாரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார். கேட்கத்தான் யாரும் வருவதில்லை.

ஐயங்கார் கண் தெரியாமல் போகிற வரைக்கும் சுவரருகே வந்துகொண்டிருந்தார். ஒரு தையில் அவரே சொன்னார்: “எத்தனை நாள் அந்தக் கோடாலியைத் தொங்க விடுவீர்? நான் வேணா சொல்றேன். வெட்டாதீர் ஓய், காய்க்கும்.”

“வேணாம் சாமி. அதச் சொல்லவேண்டிய இடத்துல நீங்க நிக்கல.”

கோடாலி இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. பிடி உளுத்துவிட்டது. மழைக்காலத்தில் கீழே விழுந்துவிடும் போலத் தோன்றும். எழுந்துபோய்க் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு வருவேன்.